பூட்டிய கதவா, முட்டுச்சந்தா? பழைய, புதிய அட்வென்ச்சர் கேம்கள்

விடுகதை போட்டவர் கடைசியில் விடையைச் சொன்னதும் இரண்டில் ஒன்று நடக்கும். கேட்டவர் "அட, ஆமாம்ல!" என்று நெற்றியில் தட்டிக்கொள்வார். இல்லாவிட்டால் "இது எப்படிங்க தோணும்?" என்று சண்டைக்கு வருவார். அட்வென்ச்சர் கேமை, அதாவது கதைக்குள் நடந்து புதிர்களை விடுவிக்கும் கணினி விளையாட்டை, எடைபோட இந்த ஒரு தராசு போதும். ஓவியம், இசை, குரல் நடிப்பு பற்றியெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் இந்த வகை கேமில் உட்கார்ந்தால் பாதி நேரம் எங்காவது சிக்கிக்கொண்டுதான் இருப்போம். அந்தப் பாதி நேரம் ரசிக்கும்படி இருக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சிக்கலில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பூட்டிய கதவு. சாவி இங்கேதான் எங்கோ கிடக்கிறது, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று முட்டுச்சந்து. சாவியை மூன்று மணி நேரத்துக்கு முன்னாலேயே தொலைத்துவிட்டீர்கள், அதை கேம் உங்களிடம் சொல்லவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: பழைய கேம்களைப் பற்றிப் பேசும்போது சில புதிர்களின் விடை வெளிப்படும். 'மங்கி ஐலண்ட்' முதல் இரண்டு பாகங்களை இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள். கடைசியில் வரும் புதிய கேம்களுக்கு விடை எதுவும் தரவில்லை.

முட்டுச்சந்துக்குப் பேர்போனது சியரா நிறுவனம். கென் வில்லியம்ஸ், ரொபெர்ட்டா வில்லியம்ஸ் தம்பதி தொடங்கியது. 1980-ல் 'மிஸ்டரி ஹவுஸ்' மூலம் எழுத்து மட்டுமே இருந்த அட்வென்ச்சருக்குப் படம் சேர்த்தவர்கள், 1984-ல் 'கிங்ஸ் குவெஸ்ட்' மூலம் அந்தப் படத்துக்குள் ஒரு ஆளை நடக்கவிட்டவர்கள். வரலாற்றில் அவர்களுக்கு உள்ள இடத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இன்று காசு கொடுத்து ஆட வேண்டுமா என்றால், 1990-ல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட் 5'-ஐ எடுத்துக்கொள்வோம். ஊரில் ஓரிடத்தில் பூனை ஒன்று எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில விநாடிகளுக்குள் பாலைவனத்தில் எடுத்த பழைய பூட்ஸையோ வேறு பொருத்தமான பொருளையோ பூனைமேல் எறிந்து எலியைக் காப்பாற்ற வேண்டும். தவறவிட்டால் ஒன்றும் ஆகாது. கேம் பாட்டுக்கு ஓடும். பிறகு விடுதியின் நிலவறையில் உங்களைக் கட்டிப்போடுவார்கள். கயிற்றைக் கடித்து அறுக்க அந்த எலி வர வேண்டும், வராது. கதை அங்கேயே முடிந்தது.

அதே கேமில் இன்னொன்று. பேக்கரியில் ஒரு கஸ்டர்ட் பை (இனிப்புப் பலகாரம்) வாங்குவீர்கள். பனிமலையில் கதாநாயகன் கிரகாமுக்குப் பசி உயிர் போகும். கைவசம் அந்தக் கஸ்டர்ட் பை இருக்கிறது, ஆட்டுத்தொடையும் இருக்கிறது. எதைச் சாப்பிடுவது? கஸ்டர்ட் பையைச் சாப்பிட்டால் பசி அடங்கும், ஆனால் சற்றுத் தள்ளி வரும் பனிமனிதனின் முகத்தில் எறிய வேறு எதுவும் மிஞ்சாது. ஆட்டுத்தொடையை முழுக்கத் தின்றுவிட்டாலும் வம்பு. பாதியை ஒரு கழுகுக்குக் கொடுத்தாக வேண்டும், பின்னால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கழுகுதான். பசித்தவன் சாப்பிடுவது தப்பு என்று தண்டிக்கிற கேம் இது. ஆடியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரே வழி, ஒவ்வொரு புதிய இடத்துக்கும் புதிய பெயரில் தனி சேவ் (அதுவரை ஆடியதைப் பதிந்து வைப்பது). பழைய சேவின்மேல் அழித்து எழுதவே கூடாது. பதினைந்து இருபது சேவ் சேர்ந்தாலும் பரவாயில்லை. வரலாற்று ஆர்வம் இருந்தால் மட்டும் ஆடுங்கள். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

இந்த வழக்கத்தை எதிர்த்து நின்றவர் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் இருந்த ரான் கில்பர்ட். அட்வென்ச்சர் கேம்கள் ஏன் எரிச்சலூட்டுகின்றன என்று 1989-லேயே ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மனோடு சேர்ந்து 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' கேமைக் கொண்டுவந்தார். கடற்கொள்ளைக்காரன் ஆக வேண்டும் என்று வந்து இறங்கும் கைபிரஷ் திரீப்வுட் என்ற அப்பாவியின் கதை. இதில் செத்துப்போவது ஏறக்குறைய முடியாத காரியம், எந்தப் பொருளையும் நிரந்தரமாகத் தொலைக்கவும் முடியாது. ஆகவே சிக்கிக்கொண்டால் பயப்படாமல் கண்டதையும் கண்டதோடு சேர்த்துப் பார்க்கலாம். நகைச்சுவை அங்கேதான் வேலை செய்கிறது. தவறான முயற்சிக்கும் ஒரு கிண்டல் வசனம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

'ஏறக்குறைய' என்றதற்குக் காரணம் உண்டு. ஓரிடத்தில் கனமான சிலை ஒன்றைக் கயிற்றால் கட்டி, அதோடு கைபிரஷைக் கடலில் தள்ளிவிடுவார்கள். தன்னால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும் என்று முன்பே பெருமை அடித்திருப்பான். அந்தப் பத்து நிமிடமும் சும்மா இருந்தால் நிஜமாகவே செத்துப்போவான். கடலடியில் சுற்றிலும் கத்தி, வாள் என்று கயிற்றை அறுக்க ஏற்ற சாமான்கள் கிடக்கும். எல்லாமே கைக்கு எட்டாத தூரத்தில். எதை நோக்கி நடந்தாலும் கயிறு இழுத்துவிடும். விடை: சிலையைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்து போக வேண்டியதுதான். அது தூக்க முடியாத கனம் என்று யாரும் சொல்லவில்லை, நாமாக நினைத்துக்கொண்டோம். தராசில் "அட, ஆமாம்ல!" பக்கம் முழுசாகச் சாயும் புதிர் இது. முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் இதைவிடச் சின்னதாக, இதைவிடக் கச்சிதமாக ஒன்றைக் காட்டுவது கஷ்டம்.

வசவு வாள்சண்டை இன்னொரு சாதனை. வாள்வீச்சில் வெற்றி தோல்வி கையில் இல்லை, வாயில் இருக்கிறது. எதிரி ஒரு வசவு சொல்வான், அதற்கு ஏற்ற பதிலடி கொடுத்தால் நீங்கள் முன்னேறுவீர்கள். "பால்காரன் மாதிரி சண்டை போடுகிறாய்" என்ற வசவுக்கு "பொருத்தம்தான், நீ மாடு மாதிரி சண்டை போடுகிறாய்" என்பது பதில். தீவின் பாதைகளில் திரியும் கொள்ளைக்காரர்களிடம் மோதி மோதித்தான் இவற்றைச் சேர்க்க வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு, தெரிந்த வசவுகளை வைத்துக்கொண்டே ஜெயித்துக்கொண்டிருப்பது. வசவு சேரும், பதில் சேராது. வாள்வீச்சு ஆசான் கார்லாவிடம் போனால் அவள் முற்றிலும் புதிய வசவுகளைச் சொல்வாள். உங்களுக்குத் தேவை பதில்கள்தான். ஆகவே உங்கள் முறை வரும்போது, பதில் தெரியாத வசவாகப் பார்த்துச் சொல்லுங்கள். எதிரி மடக்கினால் அந்தப் பதில் உங்கள் பட்டியலில் சேர்ந்துவிடும். சில சண்டைகளில் தோற்பதே லாபம். கார்லா "உன் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாகக் கறந்துவிடுவேன்" என்பாள். 'கறந்து' என்ற சொல் காதில் விழுந்ததும் பழைய மாட்டுப் பதில் நினைவுக்கு வர வேண்டும். தெரிந்த விடையைத் தெரியாத கேள்வியோடு பொருத்துவது: பரீட்சை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

எந்தப் பதிப்பை ஆடுவது? 1990-ல் முதலில் வந்தது 16 நிறப் பதிப்பு. பிறகு 256 நிறம் வந்தது. 1992 சிடி பதிப்பில் 'தள்ளு', 'இழு' என்று கட்டளையிடும் பன்னிரண்டு வினைச்சொல் பொத்தான்களை ஒன்பதாகக் குறைத்து, பொருள்களுக்குப் படமும் போட்டார்கள். (காட்டில் ஒரு மரக்கட்டைக்குள் எட்டிப்பார்த்தால் 22-ஆம் டிஸ்க்கைப் போடச் சொல்லும் நகைச்சுவை பழைய பதிப்பில் இருந்தது. தன் பெட்டியில் டிஸ்க் குறைகிறது என்று நிஜமாக நம்பியவர்கள் இருந்ததால் சிடியில் அதை எடுத்துவிட்டார்கள்.) இன்று கடையில் எளிதாகக் கிடைப்பது 2009-ன் ஸ்பெஷல் எடிஷன். புதிய ஓவியம், முழுக் குரல், படிப்படியாக உதவும் ஹின்ட். எஃப்10 பொத்தானைத் தட்டினால் அதே காட்சி பழைய வடிவத்துக்கு மாறும், மறுபடி தட்டினால் திரும்பும்.

இந்த ஸ்பெஷல் எடிஷனில் இரண்டு குறை. பழைய வடிவத்துக்கு மாறினால் குரல் கேட்காது. இரண்டாம் பாகத்தின் 2010 பதிப்பில்தான் அதைச் சரிசெய்தார்கள். அடுத்தது, புதிய வடிவத்தில் வினைச்சொற்களும், சேர்த்த சாமான்கள் இருக்கும் பொருள்பையும் திரையில் நிற்காமல் தனியாகத் திறக்கும். மற்ற நேரத்தில் தெரியாது. சிறைப் பூட்டை உருக்கக் குரோக் கொண்டுபோகும் கட்டத்தில் உயிரை வாங்கும். அந்தச் சாராயம் குவளையையே அரித்துவிடும். உருகி முடிவதற்குள் அடுத்த குவளைக்கு ஊற்றி, அது உருகுவதற்குள் அதற்கடுத்ததற்கு ஊற்றி, சிறைவரை ஓட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் பாதி வழியிலேயே கை காலி. வழி சுலபம்: மதுக்கடையில் கண்ணில் படும் குவளைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, குரோக் பிடிப்பதற்கு முன் எஃப்10 தட்டிப் பழைய வடிவத்துக்கு மாறிவிடுங்கள். அதில் எல்லாமே திரையின் கீழே கண்ணெதிரில் இருக்கும்.

இத்தனை புகழ்ந்தபின் ஒரு பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். தமிழ் வாசகருக்கு இது கூடுதலாக உறைக்கும். பாலத்தில் வழிமறிக்கும் பூதம், கவனத்தை ஈர்க்கும் ஆனால் உண்மையில் முக்கியமில்லாத ஒன்றைக் கேட்கும். விடை ஒரு சிவப்பு மீன், 'ரெட் ஹெர்ரிங்'. ஆங்கிலத்தில் திசைதிருப்பும் தகவலுக்கு அந்த மீனின் பெயர்தான் மரபுத்தொடர். அது தெரியாவிட்டால் மீனைக் கொடுக்கத் தோன்றாது. இருந்தாலும் கையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தால் தப்பித்துவிடலாம். 1991-ல் வந்த இரண்டாம் பாகம் இதையே எல்லை மீறிச் செய்தது. மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கைப் பியானோமேல் ஆடும் மெட்ரோனோமில் (தாளம் காட்டும் கருவி) வாழைப்பழம் வைத்து மயக்கி, தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு, வேறொரு தீவில் அருவியை நிறுத்தும் குழாய்த் திருகில் அந்தக் குரங்கையே ஸ்பேனராகப் பயன்படுத்த வேண்டும். ஏன்? அமெரிக்காவில் அந்தக் கருவியின் பெயர் 'மங்கி ரெஞ்ச்'. ஸ்பேனர் என்றே சொல்லிப் பழகிய நாட்டில் இருப்பவர் ஒரு வாரம் யோசித்தாலும் இது வராது. முட்டுச்சந்து இல்லைதான், ஆனால் சாவி இன்னொருவர் வீட்டு அகராதிக்குள் இருக்கிறது. இரண்டாம் பாகத்தின் 1991 பதிப்பில் எளிய முறை ஒன்றும் உண்டு. முதல்முறை ஆடுபவர் அதைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கமில்லை.

இதோடு ஒப்பிட 'டே ஆஃப் தி டென்டக்கிள்' (1993) நல்ல உதாரணம். மூன்று பேர், ஒரே மாளிகை, மூன்று காலம்: இன்று, 200 ஆண்டு முன்பு, 200 ஆண்டு பின்பு. சிறு பொருள்களைக் காலக் கழிப்பறையில் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம். இங்கேயும் அமெரிக்கச் சரக்கு நிறைய. ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிய பழங்கதை தெரியாவிட்டால் ஒரு மரத்தின் காய்களுக்கு ஏன் சிவப்புச் சாயம் பூச வேண்டும் என்று புரியாது. ஆனால் பெரும்பாலான புதிர்கள் காரண காரியத்தில் நிற்பவை. அன்று புதைத்த திராட்சை மது 400 ஆண்டு கழித்துத் தோண்டினால் புளித்த காடியாகத்தானே இருக்கும்! புளிப்பு எந்த நாட்டிலும் புளிப்புதான். 2016-ல் வந்த புதுப்பித்த பதிப்பு நேர்மையான வேலை. கோடுகளைத் துப்புரவாக மறுபடி வரைந்திருக்கிறார்கள், பழைய வடிவமும் உள்ளே இருக்கிறது. அந்தக் காலத்து கேம்களில் ஒன்றே ஒன்றை வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள்.

கெட்ட புதிருக்கு உலகப் புகழ்பெற்ற இரண்டைத் தொட்டுவிட்டுப் போவோம். 1996-ன் 'புரோக்கன் ஸ்வோர்ட்' கேமில் அயர்லாந்தின் பழைய கோட்டை ஒன்றில் கட்டிய ஆடு வழிமறிக்கும். கிட்டே போனால் முட்டித் தள்ளும். நீங்கள் விழுந்து எழுவதற்குள், ஆடு தன் இடத்துக்குத் திரும்பும் இடைவெளியில், பக்கத்தில் கிடக்கும் பழைய உழவுக் கருவியைச் சட்டென்று கிளிக் செய்தால் ஆட்டின் கயிறு அதில் சிக்கிக்கொள்ளும். யோசனை நியாயம்தான். தவறு எங்கே என்றால், அதுவரை கேமில் அவசரமாகக் கிளிக் செய்ய வேண்டிய இடமே வந்ததில்லை. நிதானமாக ஆடு என்று பல மணி நேரம் பழக்கிவிட்டு, சொல்லாமல் விதியை மாற்றுகிறார்கள். 2024-ல் 'ரீஃபோர்ஜ்ட்' என்ற புதுப்பித்த பதிப்பு வந்திருக்கிறது. பாரிஸ் காட்சிகளின் அழகுக்காகவே ஆடலாம்.

'கேப்ரியல் நைட் 3' (1999) கதை வேறு. நண்பன் பெயரில் பைக் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்குப் பூனையின் முடியை டேப்பில் ஒட்டவைத்து எடுத்து, மேப்பிள் பாகால் மூக்கின் கீழ் ஒட்டி, மீசை வைத்துக்கொள்ள வேண்டும். நண்பனுக்கு மீசையே கிடையாது! அவன் பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு என்பார்களே, இது அதற்கும் மேலே. வேடிக்கை என்னவென்றால் இதே கேமின் பின்பகுதியில், பழைய கவிதை ஒன்றை வரி வரியாக வைத்து பிரான்ஸின் ரென்-லெ-ஷாட்டோ சுற்றுவட்டார வரைபடத்தில் கோடுகளும் வட்டங்களும் போடும் புதிர் ஒன்று இருக்கிறது. இந்த வகையில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று அது. பூனை மீசைக்கு வாக்த்ரூ (படிப்படியான விடைக்குறிப்பு) பார்த்துவிடுங்கள். கவிதைக்குப் பார்க்காதீர்கள்.

பையில் பொருள் சேர்ப்பதையே கைவிட்ட இன்னொரு மரபும் உண்டு. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களின் சயன் நிறுவனம் 1993-ல் கொண்டுவந்த 'மிஸ்ட்'. ஆளில்லாத தீவு, இயந்திரங்கள், புத்தகங்கள். 2002-ல் 'தி சிம்ஸ்' முந்தும்வரை கணினி கேம் விற்பனையில் இதுதான் முதலிடம். இன்று ஆடினால் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு தெரிகிறது. புத்தகங்கள் வழியே போகும் உலகங்களில் ஒன்றில் நிலத்தடிச் சுரங்கப் பாதை வரும். ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கும் ஒலிதான் திசையைச் சொல்லும். அந்த ஒலிக்கும் திசைக்கும் உள்ள தொடர்பை வேறொரு உலகத்தின் சுழலும் கோட்டையில்தான் கற்க முடியும். எந்த உலகத்துக்கு முதலில் போவது என்பது உங்கள் விருப்பம் என்பதால், வரிசை மாறிப் போனவர்கள் சுரங்கத்தில் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் அலைவார்கள். அந்தக் கோட்டை இருக்கும் இயந்திர உலகத்தை முதலில் முடித்துவிடுங்கள். பதிப்பு என்று பார்த்தால் கணினிக்கு 2021-ல் வந்ததே போதும். அதில் புதிர்களின் விடை எண்களை மாற்றிப்போடும் வசதி இருக்கிறது. முன்பே ஆடியவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஆடலாம்.

உண்மையான சிகரம் அடுத்த பாகமான 'ரிவன்' (1997). ஐந்து சிடியில் வந்தது. தீவு மாறும்போதெல்லாம் சிடி மாற்ற வேண்டியிருந்தது. இதில் புதிர் என்று தனியாக எதுவும் தெரியாது. ஒரு நாகரிகம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் வழி திறக்கும். எண்களைக் கற்பிக்கும் விதத்தைப் பாருங்கள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு மர விளையாட்டுச் சாமான். குமிழைத் திருகினால் ஒரு குறி தோன்றும், தொங்கும் பொம்மை சில படி கீழே இறங்கும். படிகளை எண்ணினால் அந்தக் குறியின் மதிப்பு தெரிந்துவிடும். இப்படி 1 முதல் 10 வரை கிடைக்கும். காகிதத்தில் எழுதி வைத்து உற்றுப் பார்த்தால், 1-ன் குறியைக் கால் வட்டம் திருப்பினால் 5, 2-ஐத் திருப்பினால் 10 என்று பிடிபடும். அப்படியானால் 3-ஐத் திருப்பினால் 15, 4-ஐத் திருப்பினால் 20. திருப்பிய குறிமேல் சாதாரணக் குறியை அடுக்கினால் இடைப்பட்ட எண்கள். 10-க்குமேல் யாரும் சொல்லித் தரவில்லை, நீங்களே 24 வரை போய்விட்டீர்கள். குழந்தைகளுக்கான சாமானில் நீங்கள் கற்ற கணக்குதான் பிறகு கொடுங்கோலன் ஒருவனின் பூட்டைத் திறக்கிறது.

ரிவனுக்குக் கட்டாயம் கட்டம் போட்ட நோட்டு வேண்டும். செல்போனில் படம் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கையால் வரைந்தால்தான் வடிவங்களின் உறவு கண்ணில் படும். ஒலிகளையும், எங்கே கேட்டது என்பதோடு குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் சயனே இதை முழு முப்பரிமாணத்தில் மறுபடி செய்து வெளியிட்டது. நடந்து திரியலாம், விஆர் கண்ணாடியிலும் ஆடலாம். புதிர்கள் பலவற்றை மாற்றிவிட்டதால் 1997-க்கான விடைக்குறிப்பு இதற்கு உதவாது. இரண்டையும் வெவ்வேறு கேமாகவே நினைத்துக்கொள்ளலாம். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு 1997 பதிப்பு, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருப்பவர்களுக்குப் புதியது.

மங்கி ஐலண்டுக்கு ரான் கில்பர்ட் 2022 செப்டம்பரில் திரும்பி வந்தார், டேவ் கிராஸ்மனோடு. 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' வெளிவரும் முன்பே ஓவியப் பாணியைப் பிடிக்காமல் பலர் கூச்சல் போட்டார்கள். ஆடும்போது அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். முக்கியமான மாற்றம் வேறு. வினைச்சொல் பொத்தான்கள் போயே போய்விட்டன. எதன்மேல் சுட்டியை வைத்தாலும் கைபிரஷ் என்ன செய்ய நினைக்கிறான் என்று ஒரு வாக்கியம் தோன்றும். வாக்கியம் சிரிக்க வைக்கிறது, கேம் வேகமாக நகர்கிறது. ஆனால் 'தள்ளு'வா 'இழு'வா என்று தடுமாறிக் கண்டுபிடிக்கும் அந்த அசட்டு இன்பம் குறைந்துவிட்டது. சிலையைத் தூக்கிக்கொண்டு நடந்த புதிரை இந்த முறையில் வைத்திருந்தால், சுட்டியை வைத்ததுமே விடை வெளியே வந்திருக்கும்.

இந்தக் கேமின் தனிச் சிறப்பு அந்த ஹின்ட் புத்தகம். பொருள்பையிலேயே இருக்கும், நீங்கள் எங்கே சிக்கியிருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியும். முதலில் லேசாகக் கோடி காட்டும், மறுபடி கேட்டால் இன்னும் கொஞ்சம், கடைசியில்தான் விடை. இணையத்தில் வாக்த்ரூ தேடினால் நமக்குத் தேவையில்லாத அடுத்த மூன்று விடையும் கண்ணில் பட்டுவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. எளிய முறை, கடின முறை இரண்டில் கடினத்தையே எடுங்கள். புதிர்கள் கூடுதல், மாட்டிக்கொண்டால் புத்தகம் இருக்கிறது. முடிவு எல்லோருக்கும் பிடிக்காது. முதல் பாகத்தையாவது ஆடாமல் இதற்கு வருவதில் அர்த்தமில்லை.

புதியவற்றில் என் ஓட்டு 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' கேமுக்கு. லூகாஸ் போப் ஏறக்குறைய தனியாளாகச் செய்து 2018-ல் வெளியிட்டது. 1802-ல் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டுக் காணாமல்போன வணிகக் கப்பல் 1807-ல் ஆளில்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், கொலை என்றால் செய்தது யார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கையில் இருக்கும் கடிகாரம் பிணத்தருகே போனால் இறந்த கணத்தை உறைந்த காட்சியாகக் காட்டும், அதற்குமுன் சில விநாடி ஒலி. அவ்வளவுதான் சாட்சியம்.

மூன்று பேரின் விதி சரியாக எழுதியதும் கேம் உறுதி செய்யும். நேர்த்தியான ஏற்பாடு. ஒவ்வொன்றாக உறுதி செய்தால் ஊகித்தே முடித்துவிடலாம், கடைசிவரை உறுதி செய்யாவிட்டால் மனம் விட்டுப்போகும். மூன்று என்பது நடுவில் நிற்கிறது. (இரண்டு பேரை உறுதியாகத் தெரிந்துகொண்டு மூன்றாவதில் மட்டும் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு ஏமாற்றலாம். செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.) பதிவேட்டில் ஒருவர் முகம் மங்கலாக இருந்தால் அவரை அடையாளம் காணப் போதுமான தகவல் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். தெளிந்ததும் யோசிக்கத் தொடங்கினால் போதும். முகத்தின் அருகே உள்ள முக்கோணங்கள் கடினத்தைச் சொல்லும், ஒன்று எளிது, மூன்று கடினம். பணியாளர் பட்டியலில் வரிசை எண், பணி, ஊர் மூன்றும் இருக்கிறது. இந்தியா என்று ஊர் போட்ட மாலுமிகளும் அதில் உண்டு. யார் எங்கே படுக்கிறார், யார் யாரோடு சாப்பிடுகிறார், காலில் என்ன போட்டிருக்கிறார் என்பதையெல்லாம் பாருங்கள். காட்சியின் நடுவில் கிடக்கும் பிணத்தை மட்டும் பார்ப்பவர் பாதியில் நின்றுவிடுவார், ஓரத்தில் நிற்பவர்கள்தான் விடை.

குறை: பார்த்த காட்சியை மறுபடி பார்க்க, அந்தப் பிணம் கிடக்கும் தளத்துக்கே நடந்து போக வேண்டும். பதிவேட்டிலிருந்து நேராகத் தாவ முடியாது. கடைசி இருபது பேருக்கு வரும்போது ஏணி ஏறி இறங்கியே கால் வலிக்கும். இரண்டே நிறத்தில் புள்ளிகளால் வரைந்த திரை சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். அமைப்பில் பழைய மானிட்டர்களின் நிறங்கள் சில இருக்கின்றன, மாற்றிப் பாருங்கள். ஒருமுறை முடித்துவிட்டால் மறுமுறை ஆட ஒன்றும் இல்லை. அதனால் வாக்த்ரூ பார்த்து ஆடுவது வாங்காமல் இருப்பதற்குச் சமம்.

அதே தடத்தில் 2022-ல் வந்த 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' சிறியது, மலிவானது, எந்தப் பழைய கணினியிலும் ஓடும். உறைந்த காட்சியில் சொற்களைப் பொறுக்கி, நடந்ததை விவரிக்கும் வாக்கியங்களின் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். இரண்டு அல்லது அதற்குக் குறைவான தவறு என்றால் சொல்லிவிடும். பெயர், வினை என்று சொற்களுக்குத் தனித்தனி நிறம் உண்டு. ஆங்கில இலக்கணத்தை வைத்தே சில இடங்களை ஊகித்துவிடலாம் என்பது ஒரு பலவீனம். ஓவியம் வேண்டுமென்றே அவலட்சணமாக இருக்கும். இரண்டாம் அத்தியாயத்துக்குள் அதுவே பிடித்துப்போகும்.

'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) பற்றிக் குறைவாகச் சொல்வதே நல்லது. திரும்பத் திரும்ப வரும் 22 நிமிடச் சுழற்சி, ஒரு சின்னச் சூரியக் குடும்பம், பூட்டுகளுக்குச் சாவி உங்களுக்குத் தெரிந்த தகவல் மட்டுமே. விண்கலத்தை ஓட்டும் கட்டுப்பாடு பழகக் கொஞ்ச நேரம் ஆகும், கன்ட்ரோலர் இருந்தால் நல்லது. ஆட்டோபைலட் நடுவில் எது வந்தாலும் விலகாது, சூரியனே குறுக்கே வந்தாலும்.

கையில் பழைய கேமின் டிஸ்க்கோ கோப்புகளோ இருந்தால், இன்றைய கணினியில் ஓட்ட ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் போதும். 2001-ல் லூகாஸ்ஆர்ட்ஸ் (லூகாஸ்ஃபிலிம் கேம்ஸின் பிற்காலப் பெயர்) கேம்களுக்காகத் தொடங்கியது. இப்போது சியரா, புரோக்கன் ஸ்வோர்ட், மிஸ்ட், ரிவன் எல்லாம் இதில் ஓடும். கேமின் கோப்புகளை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, கேமைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் எந்தப் பதிப்பு என்று அதுவே கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் சில கோப்பு விடுபட்டிருக்கும், அல்லது ஜிப்பைப் பிரிக்காமல் வைத்திருப்பீர்கள். திரை விகிதத் திருத்தத்தை மறக்காமல் போடுங்கள். இந்த கேம்களில் பல 320-க்கு 200 அளவில் வரைந்தவை, ஆனால் அந்தக் காலத்து 4:3 மானிட்டரில் செங்குத்தாக நீண்டு தெரிந்தவை. திருத்தாவிட்டால் எல்லோரும் குட்டையாக, குண்டாகத் தெரிவார்கள். கன்ட்ரோலும் எஃப்5-ம் சேர்த்து அழுத்தினால் எந்தக் கேமிலும் சேவ் செய்யும் பொதுப் பட்டியல் வரும். ஆண்ட்ராய்டிலும் ஓடும், ஆனால் விரல் நுனி மறைக்கும் அளவுக்குச் சிறிய பொருள்கள் இருப்பதால் திரையை டச்பேட் போலப் பயன்படுத்தும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காசு போடும் முன் இந்த வகை ஒத்துவருமா என்று பார்க்க நினைப்பவர்களுக்கு 1994-ன் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' இருக்கிறது. உரிமையாளர்களே இலவசமாக விட்டது. ஸ்கம்விஎம் தளத்திலேயே குரலோடு கூடிய சிடி பதிப்பு கிடைக்கும். இடது கிளிக் பார்க்க, வலது கிளிக் செய்ய. பொருள்பை திரையின் மேல் விளிம்பில் ஒளிந்திருக்கும், சுட்டியை அங்கே கொண்டுபோனால் இறங்கும். பலர் இது தெரியாமலே முதல் அறையில் நின்றுவிடுகிறார்கள். சில இடங்களில் சாக முடியும், ஆகவே புதிய தளத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு சேவ் போட்டுவிடுங்கள்.